சனசமூக நிலையத்துல கலை, விளையாட்டு நடத்த காசு எங்க இருந்து எடுக்கிறது? புதுசா தொடங்குற ஆக்களுக்கு

நான் இருக்கிறது வடகொழும்புல, முகத்துவாரம் பக்கம். எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில ஒரு பழைய சமூக மண்டபம் இருக்கு, முந்தி கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும்தான் திறப்பாங்க, மத்த நாள்ல பூட்டுதான். இப்ப அதுல கிழமைக்கு ரெண்டு நாள் சங்கீத கிளாஸ், ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி, பின்னேரத்துல வயசான ஆக்களுக்கு கரம் விளையாட்டு, பேப்பர் வாசிப்பு, வருஷத்துக்கு நாலு விழா எண்டு ஓடுது. ஆறு வருஷம் அதுல செயலாளரா இருந்தேன். மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கொம்பனித்தெரு, கிருலப்பனை எண்டு பல இடத்தில இருந்தும் ஆக்கள் கோல் எடுத்து கேக்கிறது ஒரே கேள்விதான், "அண்ணா காசு எங்க இருந்து எடுத்தீங்க?" ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல சொல்லி முடியாது, அதனால எங்களுக்கு நடந்ததையும் தெரிஞ்சதையும் எழுதிப் போடுறேன், உங்கட இடத்துக்கு ஏத்த மாதிரி எடுத்துக் கொள்ளுங்க.

முதல்ல மண்டபம் யார்ட எண்டு பாருங்க

காசைப் பத்தி யோசிக்க முதல் இத செய்யுங்க. கொழும்புல சமூக மண்டபம் எண்டா அது மாநகர சபைக்குச் சொந்தமா இருக்கலாம், தொடர்மாடிக்கு கீழ இருக்கிற ஹோல் எண்டா வீடமைப்பு அதிகார சபை இல்லாட்டி நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டினதா இருக்கலாம், கோயில் இல்லாட்டி சேர்ச் காணியா இருக்கலாம். பல பேருக்கு இது தெரியாது, "எங்கட மண்டபம்தானே" எண்டு முப்பது வருஷமா நினைச்சுக்கொண்டு இருப்பாங்க, ஆனா கையில ஒரு துண்டு பேப்பர் இருக்காது. நீங்க நாளைக்கு கூரை திருத்த, ஃபேன் போட காசு கேட்டுப் போனா முதல் கேள்வியே "இந்த கட்டிடம் உங்கட பேர்லயா, பாவிக்க அனுமதி இருக்கா" எண்டுதான் வரும். அதனால சொந்தக்கார ஒஃபிஸ்ட்ட இருந்து இன்ன நாள்ல இன்ன நேரம் இன்ன வேலைக்கு பாவிக்கலாம் எண்டு ஒரு கடிதம் எடுத்து வைங்க. மாடி வீடு எண்டா அந்த பில்டிங்கோட முகாமைத்துவக் குழுவையும் சேர்த்துக் கொள்ளுங்க. வெவ்வேற தோட்டத்தில (கொழும்புல நெருக்கமா வீடுகள் இருக்கிற குடியிருப்பத்தான் தோட்டம் எண்டு சொல்றது) இருந்து கொண்டு வந்து ஒரே மாடியில குடி வச்ச சனம் ஆளை ஆள் தெரியாம இருப்பாங்க, அவங்களுக்கு இப்படி ஒரு ஹோல் எவ்வளவு பெரிய விஷயம் எண்டு அங்க இருக்கிற ஆக்களுக்குத்தான் விளங்கும்.

சனத்துட்ட கேளுங்க, கமிட்டியில முடிவெடுக்காதீங்க

நாங்க முதல்ல நாலு பேர் இருந்து பரதநாட்டியக் கிளாஸ் எண்டு முடிவெடுத்தோம், போஸ்டரும் அடிச்சோம், வந்தது மூண்டு பிள்ளைகள். பிறகுதான் ஒவ்வொரு வீடா போய் கேட்டோம், ரெண்டு கிழமை பின்னேரத்துல நடந்தோம். வீட்டு வாசல்ல நிண்டு கதைக்கேக்கதான் உண்மை வெளில வந்தது. நாட்டிய உடுப்புக்கும் சலங்கைக்கும் அரங்கேற்றத்துக்கும் பிறகு காசு கேப்பீங்க எண்டு தாய்மார் பயந்து போய் இருந்தாங்க, பாட்டு எண்டா ஒண்டும் வாங்கத் தேவையில்ல, விடுறோம் எண்டாங்க. பதினாலு பதினைஞ்சு வயசு பொம்பிளைப் பிள்ளைகள் சொன்னது, பொடியன்கள் இல்லாத ஒரு நேரம் எங்களுக்கு வேணும் எண்டு. ரிட்டயர் ஆன ஐயாமார் கேட்டது ஒரு கரம் போர்ட், நல்ல லைட், தமிழ் பேப்பர் ஒண்டு, சிங்களப் பேப்பர் ஒண்டு, அவ்வளவுதான்.

இத ஒரு கொப்பில எழுதி வைங்க, வீடு எத்தனை, ஆக்கள் எத்தனை, என்ன கேட்டாங்க, கிழமைக்கு எந்த நாள் வர ஏலும், மாசம் எவ்வளவு குடுக்க ஏலும். இந்தக் கொப்பிதான் பிறகு நீங்க எழுதுற ஒவ்வொரு கடிதத்துக்கும் அடிப்படை. "எங்கட பிரதேச மக்களின் கலை ஆர்வத்தை மேம்படுத்த" எண்டு எழுதுறத விட "84 வீட்டுல கேட்டோம், 31 வீட்டுல பிள்ளைய பாட்டுக் கிளாஸுக்கு அனுப்புறம் எண்டாங்க" எண்டு எழுதினா வாசிக்கிற ஆளுக்கு வேற மாதிரி இருக்கும்.

சங்கம், யாப்பு, சீ.ஆர். கொப்பி

தலைவர், செயலாளர், பொருளாளர், உப தலைவர், இன்னும் நாலஞ்சு உறுப்பினர். பொருளாளரா கணக்கு தெரிஞ்ச ஆளைப் போடுறத விட "இல்ல, தர ஏலாது" எண்டு முகத்துக்கு நேரா சொல்லக் கூடிய ஆளைப் போடுங்க. எங்கட பொருளாளர் அக்கா ஒரு கடையில கேஷியரா இருந்தவ, பில் இல்லாம ஒரு டீக்கு கூட காசு தர மாட்டா, தலைவரே கேட்டாலும் தர மாட்டா, அதனாலதான் ஆறு வருஷத்துல கணக்கால ஒரு சண்டை வரல்ல.

யாப்பு ரெண்டு பக்கம் போதும், நோக்கம் என்ன, யார் உறுப்பினர், சந்தா எவ்வளவு, பொதுக்கூட்டம் எப்ப, யார் சைன் வைக்கிறது, சங்கம் கலைஞ்சா சாமான் யாருக்கு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சீ.ஆர். கொப்பில (தடிச்ச அட்டை போட்ட பெரிய கொப்பி) திகதி போட்டு வந்த ஆக்கள்ட சைன் எடுத்து என்ன முடிவெண்டு எழுதுங்க. இத சும்மா ஃபோர்மாலிட்டி எண்டு நினைக்காதீங்க. ஒரு தடவை ஒரு ஒஃபிஸ்ல வாத்தியத்துக்கு எங்கட விண்ணப்பத்த எல்லாம் பாத்து சரி எண்டு சொல்லிட்டு, "இத வாங்கணும் எண்டு சங்கம் தீர்மானிச்ச கூட்டக் குறிப்பு எங்க?" எண்டு கேட்டாங்க, எங்களிட்ட இல்ல, கூட்டத்துல வாயால கதைச்சதுதான். அந்த வருஷம் போயிட்டுது.

பதிவு எண்டு வரேக்க பல வழி இருக்கு, உங்கட வேலை எது எண்டு பாத்து தெரிவு செய்யுங்க. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள்ள மட்டும் வேலை செய்யிற தன்னார்வ அமைப்பு எண்டா அந்த செயலகத்துலயே பதியலாம், இது 1980ம் ஆண்டு 31ம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புச் சட்டத்துக்குள்ள வருது. விளையாட்டுதான் முக்கியம் எண்டா 1973ம் ஆண்டு 25ம் இலக்க விளையாட்டுச் சட்டத்துக்கு கீழ விளையாட்டுக் கழகமா பதியலாம். இளைஞர்தான் கூட எண்டா தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கு கீழ இளைஞர் கழகம். வயசான ஆக்கள் எண்டா முதியோர் சங்கம், அதுக்கு 2000ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டம் இருக்கு. கலை மன்றம் எண்டா பிரதேச செயலகத்துல கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்க. மாநகர சபை எல்லைக்குள்ள ரெண்டு பிரதேச செயலகம், கொழும்பு ஒண்டு, திம்பிரிகஸ்யாய ஒண்டு. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆக்கள் கொழும்புக்கும் வெள்ளவத்தை, கிருலப்பனை ஆக்கள் திம்பிரிகஸ்யாயவுக்கும் போகணும். எது எண்டு சந்தேகம் எண்டா உங்கட கிராம சேவகர்ட்ட கேளுங்க, அவர்ட சிபாரிசு கடிதம் எப்பிடியும் தேவைப்படும், அதனால முதல் நாள்லயே அவரைப் போய்ப் பாத்து என்ன செய்யப் போறம் எண்டு சொல்லி வைங்க.

பேங்க் எக்கவுண்ட்

சங்கத்தோட பேர்ல மட்டும்தான் எக்கவுண்ட், ஒருத்தர்ட சொந்த எக்கவுண்ட்ல ஒரு சதம் கூட போடாதீங்க. நாங்க தொடக்கத்துல ஒரு அண்ணாட எக்கவுண்ட்ல சேர்த்தோம், நல்ல மனுஷன், ஒரு பிழையும் செய்யல்ல, ஆனா திடீரெண்டு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில படுத்திட்டார், பொங்கல் விழாவுக்கு பத்து நாள் இருக்கு, காசு எடுக்க வழியில்ல, அவர்ட வீட்டுல போய் கேக்கவும் வாய் வரல்ல. மக்கள் வங்கியோ இலங்கை வங்கியோ பக்கத்துல எது இருக்கோ அங்க யாப்பும் பதிவுப் பத்திரமும் கூட்டத் தீர்மானமும் கொண்டு போய் திறவுங்க, மூண்டு பேர் சைன்காரர், அதுல எந்த ரெண்டு பேர் வச்சாலும் எடுக்கலாம், ஆனா ஒருத்தர் கட்டாயம் பொருளாளர் எண்டு போடுங்க. சைன் வைக்கிற மூண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது.

இப்பதான் முக்கியமான இடம்: ரெண்டு விதமான காசு

இத விளங்கிக் கொண்டா பாதி வேலை முடிஞ்சுது. அரசாங்கக் கணக்குல செலவ ரெண்டா பிரிக்கிறாங்க, மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. கதிரை, மைக் செட், கீபோர்ட், மிருதங்கம், கரம் போர்ட், கூரை, பெயின்ட் எல்லாம் ஒரு தடவை வாங்கிற சாமான். மாஸ்டர்ட ஃபீஸ், கரண்ட் பில், டீ, ஃபோட்டோகொப்பி, கூட்டித் துடைக்கிற அக்காட சம்பளம் எல்லாம் மாசா மாசம் வாறது. வெளியில இருக்கிற எவரும், அரசாங்கமோ கம்பெனியோ கிளப்போ, முதலாவதுக்கு காசு தருவாங்க, ஏனெண்டா அது கண்ணுக்குத் தெரியுது, பேர் எழுதலாம், ஃபோட்டோ எடுக்கலாம். ரெண்டாவதுக்கு தர ஆள் கிடைக்கிறது குறைவு. கதிரை தர ஆள் இருக்கு, கரண்ட் பில் கட்ட ஆள் இல்ல.

எத்தனை நிலையத்த பாத்திருக்கேன், அலுமாரிக்குள்ள புத்தம் புது ஹார்மோனியம், பொலித்தீன் கூட கழட்டல்ல, கீழ ஒரு பெட்டில கிரிக்கெட் சாமான், வெளில பூட்டு, ஏனெண்டா மாஸ்டருக்கு ஃபீஸ் குடுக்க ஏலாம அவர் வாறத நிப்பாட்டிட்டார். அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, மாசச் செலவ உங்கட அக்கம்பக்கம் தாங்கணும், சாமானுக்கு மட்டும் வெளில போங்க. இத தலைகீழா செஞ்ச ஒரு நிலையமும் நான் பாத்தவரைக்கும் ரெண்டு வருஷம் தாண்டல்ல.

ஒரு கிளாஸுக்கு மாசக் கணக்கு எப்பிடி போடுறது எண்டு ஒரு உதாரணம் தாறேன், ரேட் உங்கட இடத்துக்கு மாறும். மாஸ்டருக்கு ஒரு கிளாஸுக்கு 3,000, மாசம் நாலு கிளாஸ் எண்டா 12,000. கரண்ட் 2,500. டீ, பிஸ்கட் 1,500. ஃபோட்டோகொப்பி 500. மொத்தம் 16,500 ரூபா. பிள்ளைகள் 25 பேர், ஆளுக்கு 400, ஆனா அஞ்சு பேரால தர ஏலாது எண்டு முதல்லயே வச்சுக் கொள்ளுங்க, அப்ப 20 பேர், 8,000. இன்னும் 8,500 வேணும். மாசம் 500 ரூபா தாற வீடும் கடையும் 17 தேடினா சரி. பலசரக்குக் கடை, பேக்கரி, சலூன், கொமினிகேஷன், ஃபார்மசி, பிறகு வெளிநாட்டுல மகன் இருக்கிற வீடுகள். 17 எண்டது பெரிய நம்பர் இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நடந்தா பத்து கிடைக்கும்.

அக்கம்பக்கத்துக் காச எப்பிடி சேர்க்கிறது

நம்பர் அடிச்ச ரிசீட் புத்தகம் ஒண்டு முதல்ல அடிச்சு எடுங்க, கார்பன் வச்சது. ஐம்பது ரூபா தந்தாலும் ரிசீட் குடுங்க. எங்கட ஒழுங்கையில இடியப்பம் வித்துப் பிழைக்கிற ஒரு அம்மா இருக்கிறா, முதல் மாசம் அவ 100 ரூபா கொண்டு வந்து தந்தா, பொருளாளர் அக்கா கதிரையில இருத்தி வச்சு பேர் கேட்டு முழுப்பேரையும் வடிவா எழுதி ரிசீட்ட கிழிச்சு ரெண்டு கையாலயும் குடுத்தா. அந்த அம்மா அத மடிச்சு பேர்ஸுக்குள்ள வச்சுக்கொண்டு போனா, அடுத்த மாசம் ஒண்டாம் திகதி காலையிலயே வந்து நிண்டா, மூண்டாம் மாசம் பக்கத்து வீட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தா. அதுக்குப் பிறகு ரிசீட் எழுதுற விஷயத்துல எங்கட கமிட்டியில ஒருத்தரும் அவசரப்பட்டதில்ல.

மாச வரவு செலவ வாசல்ல ஒட்டுங்க. பெரிய எழுத்தில, தமிழ்லயும் சிங்களத்துலயும். வட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க, ஆனா ஒட்டுறத விடாதீங்க, வயசான ஆக்கள் வாசல்ல நிண்டுதான் வாசிப்பாங்க. கடைக்காரர் பல பேர் இப்ப கேஷ் குறைவா வச்சிருக்காங்க, அதனால சங்க எக்கவுண்ட்டுக்கு லங்கா கியூஆர் (ஃபோன்ல ஸ்கேன் பண்ணி காசு அனுப்புற குறி) எடுக்க ஏலுமா எண்டு பேங்க்ல கேட்டுப் பாருங்க, ஒரு ஸ்டிக்கர ஒட்டி வச்சா விழா அண்டைக்கு நல்லா சேரும்.

ஃபீஸ் தர ஏலாத பிள்ளைகள்ட பேர் பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். லிஸ்ட்ட மத்த பிள்ளைகளுக்கு முன்னால வாசிக்காதீங்க, மாஸ்டர்ட்ட கூட சொல்லாதீங்க. காசு கட்டாத பிள்ளை எண்டு ஒரு சொல்லு காதுல விழுந்தா அந்தப் பிள்ளை திரும்ப அந்த வாசல மிதிக்காது, இது நான் நேர்ல பாத்து மனசு நொந்த விஷயம்.

காசு மட்டும் எண்டு நினைக்காதீங்க. எலக்ட்ரீஷியன் அண்ணா ஒரு நாள் வந்து வயரிங் பாத்தா அது காசுதான், தையல் அக்கா திரைச்சீலை தைச்சா அது காசுதான், அத எல்லாம் கொப்பில மதிப்புப் போட்டு எழுதுங்க, வெளியில விண்ணப்பம் போடேக்க "எங்கட பங்களிப்பு" எண்டு காட்டலாம். மண்டபத்த பிறந்தநாளுக்கு வாடகைக்கு குடுக்கிறதா இருந்தா சொந்தக்கார ஒஃபிஸ்ல அதுக்கு அனுமதி இருக்கா எண்டு முதல்ல பாருங்க.

வெளியில கேக்கிறது: ஆளும் மாசமும் சரியா இருக்கணும்

அரசாங்கத்தோட நிதியாண்டு ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 முடியுது. ஒக்டோபர், நவம்பர்ல போய் கேட்டா பெரும்பாலும் காசு ஒதுக்கி முடிஞ்சிருக்கும், இல்லாட்டி "ரெண்டு கிழமைல பில் எல்லாம் தந்தா குடுக்கலாம்" எண்டு சொல்லுவாங்க. அதனால அடுத்த வருஷத்துக்கு தேவையானத ஜூலை, ஆகஸ்ட்லயே எழுதிக் குடுங்க, பிறகு ஜனவரில போய் ஞாபகப்படுத்துங்க. மூண்டு கொட்டேஷன் எப்பவும் ரெடியா வச்சிருங்க, வருஷக் கடைசியில ஒரு ஒஃபிஸ்ல காசு மிஞ்சி இருந்தா பேப்பர் ரெடியா இருக்கிற சங்கத்துக்குத்தான் கூப்பிடுவாங்க, எங்களுக்கு மைக் செட் அப்பிடித்தான் கிடைச்சது.

யாரைப் பாக்கிறது எண்டா, மாநகர சபையில உங்கட வட்டார உறுப்பினர், மண்டபம் மாநகர சபைட எண்டா திருத்த வேலைய அவர் ஊடா கேளுங்க, சபைட அடுத்த வருஷ பட்ஜெட் டிசம்பர்ல நிறைவேறும், அதுக்கு நல்லா முதல்லயே. பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதி எண்டு ஒண்டு கேள்விப்பட்டிருப்பீங்க, 1974ல தொடங்கினது, எம்.பி.மார் சிபாரிசு செய்து பிரதேச செயலகம் ஊடா வந்த காசு, சங்கங்கள்ட பல கதிரையும் கூடாரமும் அப்பிடி வந்ததுதான். இப்பிடியான வழியில கேக்கேக்க சாமானத்தான் கேக்கணும், சம்பளத்த கேக்கக் கூடாது.

கலைப் பக்கம் எண்டா கலாசார அலுவல்கள் திணைக்களம், இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் எண்டு தனித்தனியா இருக்கு. அறநெறிப் பாடசாலை நடத்துறீங்க எண்டா இந்து சமய கலாசாரத் திணைக்களத்துல பதிஞ்சு கொள்ளுங்க. பிரதேச இலக்கிய விழா, கலை விழா நடக்கேக்க உங்கட பிள்ளைகள கட்டாயம் மேடை ஏத்துங்க, காசு வராட்டியும் உத்தியோகத்தர்மாருக்கு உங்கட நிலையத்தோட பேர் ஞாபகம் இருக்கும். ஒக்டோபர் 1 சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாள், அண்டைக்கு செயலகத்துலயும் ஏதாவது ப்ரோக்ராம் நடத்தப் பாப்பாங்க, எங்கட மண்டபத்துல வச்சு செய்யுங்க எண்டு ஜூலைலயே சொல்லி வச்சா ரெண்டு பக்கத்துக்கும் வசதி.

ரோட்டரி, லயன்ஸ் கிளப்களுக்கு வருஷம் ஜூலை 1ல தொடங்குது, புது தலைவர் வந்து புது ப்ரோஜெக்ட் தேடுற நேரம், ஜூலை, ஆகஸ்ட்ல போங்க. பேங்க்மாருக்கு கணக்கு டிசம்பர்ல முடியும், மத்த கம்பெனி நிறைய மார்ச் 31ல முடிக்கிறது, அதனால கம்பெனியக் கேக்கிறதா இருந்தா ஏப்ரலுக்கு முதல் பட்ஜெட் போடுற நேரத்துல போங்க. ஆனா பெரிய கம்பெனிய விட உங்கட ரோட்டுல இருக்கிற ஹார்ட்வெயார் கடைக்காரர் நல்லது எண்டது என்ட அனுபவம், அவர்ட பிள்ளையும் அந்தக் கிளாஸுக்கு வரும், அடுத்த வருஷமும் இருப்பார்.

மதுபான, சிகரெட் கம்பெனி காசு வேண்டாம், 2006ம் ஆண்டு 27ம் இலக்கச் சட்டத்துல அந்த மாதிரி ஸ்பொன்சர்ஷிப்புக்கு தடை இருக்கு, சட்டம் இல்லாட்டியும் பிள்ளைகள் பாட்டுப் படிக்கிற இடத்துல அந்த பேனர் தொங்கக் கூடாது. எலக்ஷன் நேரத்துல எந்தக் கட்சிக்காரர் என்ன கொண்டு வந்தாலும் "எலக்ஷன் முடியட்டும் ஐயா" எண்டு மரியாதையா சொல்லுங்க. நாங்க ஒரு தடவை வாங்கிட்டோம், அதுக்குப் பிறகு அடுத்த கட்சி ஆக்கள்ட பிள்ளைகள் எட்டு பேர் ஒரு மாசம் கிளாஸுக்கு வரல்ல. எட்டு பிள்ளைகள விட ஒரு கூடாரம் பெருசு இல்ல.

வெளிநாட்டு தூதரகக் காசு, வெளிநாட்டு அமைப்புக் காசு எண்டா பதிவு, கணக்குப் பரிசோதனை எல்லாம் இறுக்கமா இருக்கும், தொடங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள அத யோசிக்கத் தேவையில்ல.

கடிதம்

ஒரு பக்கம்தான். யார் நீங்க, எத்தனை பேர் வாறாங்க, என்ன வேணும், எவ்வளவு, அதுல நீங்க எவ்வளவு போடுறீங்க, எப்ப தேவை. ஒரு கடிதத்துல ஒரு சாமான் மட்டும் கேளுங்க, பத்து சாமான் லிஸ்ட் போட்டா வாசிக்கிற ஆள் எத குடுக்கிறது எண்டு தெரியாம ஃபைலுக்குள்ள வச்சிடுவார். "40 பிளாஸ்டிக் கதிரை வேணும், 10க்கு நாங்க காசு சேர்த்திட்டோம், 30 தாங்க" எண்டு எழுதுங்க. பின்னால கொட்டேஷன், பதிவுப் பத்திரம், கூட்டக் குறிப்பு, பேங்க் புத்தகத்தோட முதல் பக்கம், ரெண்டு ஃபோட்டோ.

அரச ஒஃபிஸுக்கு தமிழ்ல எழுதவும் தமிழ்ல பதில் எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு, அத விட்டுக் குடுக்காதீங்க. ஆனா வேலை கெதியா நடக்கணும் எண்டா தமிழ்க் கடிதத்தோட சிங்களப் பிரதி ஒண்டும் சேர்த்துக் குடுங்க, எங்கட ஒழுங்கையில சிங்கள வீடுகளும் இருக்கு, அவங்கட பிள்ளைகளும் கிளாஸுக்கு வாறாங்க, அதுல ஒரு மிஸ்தான் எங்கட கடிதம் எல்லாம் சிங்களத்துல எழுதித் தந்தவ. குடுக்கேக்க ரெண்டு கொப்பி கொண்டு போய் ஒண்டுல சீலும் திகதியும் வாங்கிக் கொண்டு வாங்க. மூண்டு கிழமை பாருங்க, பிறகு அந்தக் கொப்பியோட நேர்ல போங்க, ஃபோன்ல கேட்டா ஒண்டும் நடக்காது. எந்த ஒஃபிஸ் எண்டே தெரியாட்டி அரசாங்கத் தகவல் நம்பர் 1919க்கு கோல் எடுத்துக் கேளுங்க. மண்டப வாடகை எப்பிடி கணிக்கிறாங்க, போன வருஷம் இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாங்க எண்டு தெரிய வேணும் எண்டா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு கீழ எழுதிக் கேக்கலாம், 14 வேலை நாளுக்குள்ள தர முடியுமா இல்லையா எண்டு முடிவு சொல்லணும்.

விழா எண்டா

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு, வாணி விழா, ஒளி விழா, நாலும் போதும். ஒவ்வொண்டும் காசு சேர்க்கிற நாளும்தான், ஆனா சனம் சந்தோஷமா இருந்தாத்தான் காசு வரும். ஒலிபெருக்கிக்கு பொலிஸ்ல அனுமதி எடுங்க, இரவு 10 மணிக்கு முதல் முடிக்கிற மாதிரி ப்ரோக்ராம் போடுங்க. டிக்கெட் விக்கிறதா இருந்தா மாநகர சபைக்கு களியாட்ட வரி இருக்கு, டிக்கெட் அடிக்க முதல்லயே போய்க் கதைங்க, தர்ம காரியம் எண்டா விலக்கு கேட்டு எழுதிப் பாக்கலாம். நாடகம் போடுறீங்க எண்டா ஸ்க்ரிப்ட்டுக்கு அனுமதி வேணும், அது 1912ம் ஆண்டுச் சட்டம், கடைசி கிழமையில ஓடித் திரியாதீங்க. எங்கட அனுபவத்துல டிக்கெட்டை விட நல்லது வாசல்ல ஒரு உண்டியலும் தாய்மார் செஞ்சு கொண்டு வாற வடை, ரோல்ஸ், பட்டிஸ் விக்கிற ஒரு மேசையும்தான்.

காசு வந்த பிறகு

சாமான் வந்த அண்டைக்கே ஒரு இன்வென்டரி கொப்பில எழுதி நம்பர் அடிங்க, கதிரைக்குப் பின்னால பெயின்ட்ல சங்கத்துட பேரும் நம்பரும். இரவல் குடுத்தா சைன் எடுங்க, செத்த வீட்டுக்கு மட்டும் சைன் பிறகு எடுக்கலாம்.

தந்த ஆளுக்கு ஒரு மாசத்துக்குள்ள நன்றிக் கடிதம், பில் கொப்பி, பிள்ளைகள் அந்த சாமானப் பாவிக்கிற ஒரு ஃபோட்டோ. சாமானை கையில குடுக்கிற ஃபோட்டோவை விட இது நல்லா வேலை செய்யுது. கீபோர்ட் தந்த ஒரு கடைக்கார ஐயாவுக்கு நாங்க ஒரு பிள்ளை அதுல வாசிக்கிற முப்பது செக்கன் வீடியோவை வட்ஸ்அப்ல அனுப்பினோம், அவர் அத வந்த கஸ்டமருக்கு எல்லாம் காட்டி இருக்கிறார், அடுத்த மாசம் ஸ்டேண்டும் அவரே வாங்கித் தந்தார். பிள்ளைட ஃபோட்டோவோ வீடியோவோ அனுப்ப முதல் தாய் தகப்பன்ட்ட கேளுங்க.

ஜனவரில வருடாந்த பொதுக்கூட்டம் வைங்க, கணக்க கமிட்டியில இல்லாத ரெண்டு பேர் பாத்து சைன் வைக்கட்டும். புது ஆக்கள் வந்தா பேங்க்ல சைன் மாத்துற தீர்மானத்த அந்தக் கூட்டத்துலயே சீ.ஆர். கொப்பில எழுதுங்க. நான் விலகின அண்டைக்கு அலுமாரித் திறப்பு, ரிசீட் புத்தகம் பாவிச்சதும் பாவிக்காததும், பேங்க் புத்தகம், ரப்பர் சீல், இன்வென்டரி கொப்பி எல்லாத்தையும் மேசையில வச்சு ஒண்டு ஒண்டா வாசிச்சு புது செயலாளர் தங்கச்சிட்ட சைன் வாங்கித்தான் குடுத்தேன், அந்த லிஸ்ட்டோட ஒரு கொப்பி அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் இப்பவும் ஒட்டி இருக்கு.